வெளிநாடு போனால் பயம் போய்விடுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி, 2025 பெப்ரவரி 8

போர் முடிந்தபோது எனக்குப் பத்து வயது. முள்ளிவாய்க்காலில் இருந்து உயிரோடு வந்த குடும்பம். இப்போது யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறேன். காணியை விற்றாவது என்னைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா நிற்கிறார். எனக்கு மனம் ஒருநிலையில் இல்லை. இரவில் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே போனால் இந்தப் பயம் போகுமா? போனவர்களுக்கு அது வீடாகத் தெரிகிறதா, அல்லது ஆபத்தில்லாத ஓர் இடம் மட்டுந்தானா? அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

2025 பெப்ரவரி 9

தங்கச்சி, ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், நேரே சொல்கிறேன். பயம் போகும். ஆனால் விமானம் ரொறன்ரோவில் இறங்கியதும் போய்விடும் என்று நினைத்து வராதீர்கள். ஆபத்து ஒரே நாளில் விலகிவிடும். உடம்பு அதை நம்புவதற்கு வருடக்கணக்காகும்.

என் ஊர் யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிற மயிலிட்டி. 1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது எங்கள் வலிகாமம் வடக்குப் பகுதி முழுவதும் வெளிக்கிட்டது. சுன்னாகத்தில் தெரிந்தவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு அங்கிருந்தும் எழும்பினோம். மழை, இருட்டு, செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி முழு வலிகாமமும் ஒரே வீதியில் நடக்கிறது. பிறகு தென்மராட்சி, வன்னி, கொழும்பில் ஒரு லொட்ஜ், கடைசியில் கனடா.

இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே படுக்க ஓர் அறை, பூட்ட ஒரு கதவு, ஒரு வேலை எல்லாம் கிடைத்துவிட்டன. ஆனாலும் செருப்பைக் கட்டிலடியில் வாசலைப் பார்த்தபடி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். கால் நீட்டினால் நேரே செருப்புக்குள் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. யாரும் சொல்லித் தந்ததில்லை. வன்னியில் இருந்தபோது பழகியது.

அம்மா பிறகு ஸ்பொன்சரில் வந்தார். சட்டைக்குள் ஒரு சின்னப் பேர்ஸ், அதற்குள் இலங்கை அடையாள அட்டை. ஸ்காபரோவில் கந்தசாமி கோயிலுக்குப் போனாலும், குப்பை வாளியைத் தெருவோரம் வைக்கப் போனாலும், அது அவரோடு போகும். பிளாஸ்ரிக் உறை ஓரமெல்லாம் பிரிந்து, படத்தில் முகம் பாதி அழிந்துபோய்விட்டது. கனடாக் குடியுரிமை எடுத்த பிறகும் அதை வைக்கவில்லை. "இருக்கட்டும், கேட்டால் காட்டலாம்" என்பார். யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒருநாளும் நான் திருப்பிக் கேட்டதில்லை.

2025 பெப்ரவரி 9, இரவு

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீருடை.

வந்த முதல் மாரி. கெனடி நிலையத்தில் பஸ்சுக்கு நிற்கிறேன். ஒரு பொலிஸ்காரர் என்னை நோக்கி நடந்து வருகிறார். எனக்கு ஆங்கிலம் சரியாக விளங்காது. அவர் வாயைத் திறக்க முன்னமே கைப்பையில் இருந்த அத்தனை தாளையும் எடுத்து நீட்டிவிட்டேன். குடிவரவுக் கடிதம், லோயரின் அட்டை, வைத்தியரின் துண்டு, எல்லாம். அவர் ஒன்றையும் வாங்கவில்லை. நான் கையுறை போடாமல் நிற்பதைக் காட்டி, உள்ளே போய் நில், அங்கே சூடாக இருக்கும் என்று சைகையால் சொன்னார். உள்ளே போன பிறகும் கை நடுங்கியது. குளிரால் அல்ல.

இங்குள்ள பொலிஸ் எல்லாம் தங்கமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. கறுப்பினப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அது உண்மையான கதை. நான் சொல்வது என் உடம்பைப் பற்றி மட்டும்.

2025 பெப்ரவரி 16

மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்: போனவர்கள் எல்லோரும் வசதிக்காகப் போனவர்கள், பயம் என்பது அகதிக் கேஸுக்காகச் சொன்ன கதை.

தம்பி, கொழும்பில் தமிழர் ஒருவர் லொட்ஜில் தங்குவது என்றால் என்ன என்று தெரியுமா? முதலில் பொலிஸ் பதிவு. அதற்கு மேல் யாரிடமிருந்தாவது ஒரு கடிதம். அப்படி எல்லாம் இருந்தும் விடியப்புறம் சுற்றிவளைப்பு வந்தால் இருப்பவர்களைக் கீழே கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவார்கள். 2007 யூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்சில் ஏற்றிக் கொழும்பைவிட்டே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அவர்கள் சொந்த நாட்டின் தலைநகரில் அறை வாடகை கட்டி இருந்தவர்கள்.

வசதியும் தேடினோம், ஓம். பயந்தவனுக்குப் பசி இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? ஒரே மனிதர் உயிருக்குப் பயந்தும் ஓடலாம், தங்கச்சியைப் படிப்பிக்கவும் ஓடலாம்.

இன்னொருவர் 1986இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் இறங்கிய தமிழர்கள் நேரே இலங்கையில் இருந்து கடல் கடந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. ஓகஸ்ட் 11ஆம் திகதி இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 பேர் மேற்கு ஜேர்மனியில் இருந்து கப்பல் ஏறியவர்கள். நடுக்கடலில் அவர்களை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. முதலில் இந்தியாவில் இருந்து வந்தோம் என்றுதான் சொன்னார்கள். உண்மை வெளியில் வந்ததும் பத்திரிகைகள் கிழித்தன. அவர்களைக் கண்டு ஏற்றியவர்கள் கஸ் டோல்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவரும் அவருடைய ஆட்களும். முப்பது வருடம் கழித்து, 2016இல், அந்தப் படகில் வந்தவர்களில் சிலர் திரும்பிப் போய் அவரைச் சந்தித்தார்கள்.

அவர்கள் ஏன் பொய் சொன்னார்கள் என்று எனக்கு நன்றாக விளங்கும். ஜேர்மனி என்று சொன்னால் திருப்பி ஜேர்மனிக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து எங்கே என்ற பயம். ஓடுகிறவரிடம் உண்மையை மட்டும் எதிர்பார்ப்பது ஓடாதவர்களுக்கு எளிது.

2025 மார்ச் 2

"பயம் போகும்" என்று முதல் நாள் எழுதினேன். வேலையிடத்தில் பார்த்த ஒன்றையும் அதோடு சேர்க்க வேண்டும்.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே ஹங்கேரியில் இருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். 1956 எழுச்சியை சோவியத் படை நசுக்கிய பிறகு கனடா 37,000க்கும் மேற்பட்ட ஹங்கேரியரை எடுத்தது. அவர்களில் ஒருவர். இங்கே கல்யாணம், பிள்ளைகள், வீடு, பேரப்பிள்ளைகள், எல்லாம் நிறைவான சீவியம். கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்து ஆங்கிலம் போய்விட்டது. ஹங்கேரிய மொழி மட்டும் நின்றது. அறைக்கு வெளியே நடையில் கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்டால் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொள்வார். திருத்த வேலைக்கு வருகிறவர்களின் சப்பாத்துச் சத்தம் அது. பிறகு அந்த நடைக்கு வருகிறவர்களிடம் சப்பாத்துக்கு மேலே துணியுறை போடச் சொன்னோம். போட்டார்கள்.

ஆகவே தங்கச்சி, போகும் என்பதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: பயம் உங்கள் சீவியத்தை நடத்தாமல் ஒதுங்கி நிற்கும். அடியோடு இல்லாமல் போகும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

2025 மார்ச் 3

ஒருவர் தனிப்பட்ட செய்தியில் கேட்டார், கனடாவைச் சொர்க்கமாகக் காட்டுகிறீர்களா என்று. இல்லை.

90களில் ஸ்காபரோவில் எங்கள் பிள்ளைகளே குழுவாகப் பிரிந்து துவக்கால் சுட்டுக்கொண்டார்கள். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த தாய்மார் இங்கே துவக்குக்குப் பிள்ளையைக் கொடுத்தார்கள். செத்த வீட்டில் அழுத தாய்க்கு என்ன சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா இரண்டு வேலை, அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியே. பேஸ்மென்ட் வீட்டில் மூன்று குடும்பம். நாட்டை மாற்றியதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடவில்லை. பிள்ளையோடு இருக்க அப்பா அம்மாவுக்கு நேரமும் வேண்டியிருந்தது. அந்த நேரத்தை வாடகை தின்றுவிட்டது.

இதை நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. வெட்கம். கதைக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 4

இன்றைக்கு எழுதத்தான் வேண்டும். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இன்றோடு 40 வருடம்.

அதற்கு முன்னர் அகதிக் கோரிக்கை பெரும்பாலும் தாளிலேயே முடியும். சொன்னதைத் தட்டச்சு செய்து மேலே அனுப்புவார்கள். முடிவு எடுக்கிறவர் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் இருந்து வந்த சீக்கியர்களும் கயானாவில் இருந்து வந்த ஒருவரும் வழக்குப் போட்டார்கள். கோரிக்கையாளரை நேரில் இருத்திக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கனடா மண்ணில் நிற்கும் எவருக்கும் உரிமைச் சாசனத்தின் 7ஆவது பிரிவு பொருந்தும் என்று நீதியரசர் பேர்தா வில்சன் எழுதினார். உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றிய பிரிவு அது. இப்போது நாங்கள் "போர்ட்" என்று சொல்கிற குடிவரவு அகதிகள் சபை 1989 தொடக்கத்தில் வந்தது அந்தத் தீர்ப்பின் பின்விளைவாகத்தான்.

எங்களில் எத்தனை பேர் அந்தச் சீக்கியர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

என் விசாரணை 1998இல். அப்போது இரண்டு உறுப்பினர்கள் இருப்பார்கள். மேசையில் தண்ணீர், ஒரு கடதாசிப் பெட்டி, ஒலிப்பதிவுக் கருவி, எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கிற அம்மா. மயிலிட்டியில் தொடங்கினேன். 1995 இரவுக்கு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது. நாவற்குழியில் கூட்டத்தில் அப்பாவின் கை விடுபட்ட இடம் அது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவரைக் கண்டுபிடித்தோம், ஆனால் அந்த மழையில் பிடித்த காய்ச்சல் அவரைவிட்டுப் போகவேயில்லை. தை பிறக்க முன்னம் போய்விட்டார்.

ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. உறுப்பினர்களில் ஒருவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அதுவரை நான் அதிகாரத்தில் இருக்கிற எவருக்கும் பதில்தான் சொல்லியிருக்கிறேன். பெயர் என்ன, எங்கே போகிறாய், ஏன் வந்தாய். அன்றைக்குத்தான் முதல் தடவை என் கதையைத் தொடக்கத்தில் இருந்து முடிவுவரை சொன்னேன், ஓர் அரசாங்கம் இருந்து கேட்டது. ஏற்றுக்கொள்கிறோம் என்ற கடிதம் பிறகு வந்தது. என்னைக் கேட்டால் பாதுகாப்பு அந்தக் கடிதத்துக்கு முன்னமே, அந்த அறையில் தொடங்கிவிட்டது.

2025 ஏப்ரல் 5

கேட்டு நிராகரித்தார்களே, அவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2010 ஓகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறங்கினார்கள். பிள்ளைகளோடு வந்தவர்களையும் தடுத்து வைத்தார்கள். சிலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அப்போதைய அரசாங்கம் அவர்களை மனிதக் கடத்தலோடும் பயங்கரவாதத்தோடும் சேர்த்துத்தான் பேசியது. அதே நாடு, அதே சபை. நேரில் கேட்பது என்ற ஒழுங்கு இருந்தும் கேட்கிற மனம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. அதனால்தான் அந்தத் தீர்ப்பு இன்னும் முக்கியம் என்கிறேன். மனம் மாறினாலும் கதிரையைப் போட்டு இருத்திக் கேட்டாக வேண்டும்.

2025 ஏப்ரல் 20

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வீடா, வெறும் இடமா?

ஒரு பேஸ்மென்ட் கதை சொல்கிறேன். 2000ஆம் ஆண்டுப் பக்கம். மேலே வீட்டுக்காரர் குடும்பம், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள்தான். கீழே நானும் இன்னொரு பிள்ளையும். ஜனவரி. சூடு வரவில்லை. இரவில் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தோம். காலையில் பல் தீட்டப் போனால் தண்ணீர் கையை வெட்டும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "நாங்கள் வந்த புதிதில் இதைவிடக் குளிரில் இருந்தனாங்கள்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஓர் ஆளுடைய வீட்டில் இருந்துகொண்டு அவரோடு எப்படி மல்லுக்கட்டுவது? சுன்னாகத்து விறாந்தையில் இருந்து பழகிய புத்தி. இடம் தந்தவர்களிடம் வாய் திறக்கக் கூடாது.

வேலையிடத்தில் ஜமேக்காப் பெண் ஒருவர், என்னைவிட மூத்தவர். கதையைக் கேட்டதும் கோபப்பட்டார். ரொறன்ரோவில் மாரிகாலத்தில் வாடகை வீட்டுக்குள் 21 பாகை இருக்க வேண்டும், அது சட்டம், மாநகரசபைக்குச் சொல் என்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முறைப்பாடு கொடுத்தால் என் பெயர் எங்காவது பதிவாகும். பெயர் பதிவானால் கேஸுக்குக் கூடாது. அப்போது நிரந்தர வதிவிடமும் கைக்கு வரவில்லை. அவர் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரெலிபோனை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

மாநகரசபையில் இருந்து ஓர் ஆள் வெப்பமானியோடு வந்தார். அறையின் நடுவில் வைத்தார். 16. எழுதினார். மேலே போய்க் கதைத்தார். அந்தக் கிழமையே சூளை திருத்தப்பட்டது.

வீட்டுக்காரர் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவருடைய மனைவி மோதகம் கொண்டுவந்து தந்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. என்னை ஒருவரும் தேடி வரவில்லை. கேஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ரொறன்ரோவில் முதல் தடவை நிம்மதியாகப் படுத்த இரவு அதுதான். சூடு வந்தது ஒரு காரணம். வாயைத் திறந்தும் உயிரோடு இருக்கிறேன் என்பது பெரிய காரணம். எந்த இடத்தில் துணிந்து முறையிட முடிகிறதோ அதுதான் வீடாகத் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான்.

2025 ஏப்ரல் 21

"அப்படியென்றால் நன்றி இல்லாதவர்களாக இருக்கச் சொல்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை, ஐயா. நன்றி எனக்கு நிறைய உண்டு. வரி கட்டுகிறேன், இரத்தம் கொடுக்கிறேன், அவர்களுடைய தாய் தகப்பனைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறேன். கை கட்டி நின்றால்தான் நன்றி என்றால் அது எனக்கு வராது.

2025 மே 19

இன்று விக்ரோறியா தினம். பொழுது சாய்ந்ததும் தெருவெல்லாம் வாணவேடிக்கை. அம்மா குளியலறைக்குள் இருக்கிறார். வீட்டில் யன்னல் இல்லாத ஒரே இடம் அது. பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறேன். சத்தம் அடங்கும்வரை நானும் போய் இருப்பேன். அதற்கு முன்னம் இதை எழுதிவிடுகிறேன்.

2009 மே 18 திங்கட்கிழமை. அந்த வருடம் விக்ரோறியா தினம் அன்றைக்குத்தான் வந்தது. முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது என்ற செய்தி வந்த அதே நாள் இரவு ரொறன்ரோவின் வானத்தில் பூ வெடித்தது. வெடித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களில் பிழையில்லை. பெரியம்மாவின் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்களா, வெளியே வந்துவிட்டார்களா என்று தெரியாமல் நாங்கள் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அதற்கு எட்டு நாள் முன்னர், மே 10, அன்னையர் தினம். போரை நிறுத்தச் சொல்லிக் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறினோம். நகரத்தின் முக்கியமான வீதி, மணிக்கணக்கில் வாகனம் ஓடவில்லை. தள்ளுவண்டியில் பிள்ளை, கையில் பதாகை, முன்னால் பொலிஸ் வரிசை. அடுத்த நாள் வானொலியில் திட்டாத ஆள் இல்லை. பிள்ளைகளை வீதியில் நிறுத்தினார்கள், வந்த நாட்டை மதிக்கத் தெரியாதவர்கள், திரும்பிப் போகட்டும்.

அந்தக் கோபத்துக்கு ஓர் அளவு நியாயம் இருக்கலாம். அம்புலன்ஸ் போகிற வீதி அது. ஆனால் எனக்கு அன்றைக்கு நடந்தது வேறு. கெனடி நிலையத்தில் பொலிசுக்குத் தாள்களை நீட்டிய அதே கை, பொலிஸ் வரிசைக்கு முன்னால் முட்டி பிடித்து உயர்ந்து நிற்கிறது. என் வரி, என் பாராளுமன்றம், என் பிரதமர், ஏன் வாய் திறக்கவில்லை என்று கத்துகிறேன். விருந்தாளி அப்படிக் கத்தமாட்டாள். நாங்கள் ஒரேயடியாகப் பாதுகாப்பாகவும் ஒரேயடியாகக் கையாலாகாதவர்களாகவும் நின்ற நாள் அது. இங்கே எங்களை ஒருவரும் சுடவில்லை. அங்கே சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதம் 10ஆம் திகதி பிரம்ரன் சிங்குவாகூசி பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறந்தார்கள். இலங்கை அரசாங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. அம்மாவைக் கூட்டிப்போனேன். பூவை வைத்துவிட்டு யாரும் படம் எடுக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த தூபியை 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்ததும், மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து மறுபடி கட்டவைத்ததும் தங்கச்சிக்குத் தெரிந்ததுதான். நினைவுகூர்வதற்குத் துணிச்சல் தேவைப்படாத இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று அன்று பூங்காவில் பட்டது.

சத்தம் கூடுகிறது. போகிறேன்.

2025 மே 25

புத்தளத்தில் இருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம். "நீங்கள் அகதிக்கதை பேசும்போது எங்களுக்கு ஓர் இடம் உண்டா?" என்கிறார்.

உண்டு. இருக்கத்தான் வேண்டும். யாழ் நகரத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். நகை, காசு, வீட்டுத் திறப்பு எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கனபேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அந்த வருடந்தான் மயிலிட்டியைவிட்டு வந்தவள். ஆனால் எனக்குக் கனடா ஒரு கதிரை போட்டு இருத்திக் கேட்டது. உங்களை யார் இருத்திக் கேட்டார்கள்? அண்ணா, உங்கள் கதையை இங்கேயே முழுக்க எழுதுங்கள். நாங்கள் வாசிப்போம்.

2025 யூன் 8

பிரயோசனமான விடயத்துக்கு வருவோம். கனபேர் வழி கேட்கிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போய் அங்கிருந்து தரை எல்லையால் கனடாவுக்குள் வரலாம் என்று ஏஜென்சி சொன்னால் காசு கொடுக்காதீர்கள். இரண்டு நாட்டுக்கும் இடையில் 2004 முடிவில் இருந்து ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. முதலில் கால் வைத்த நாட்டில்தான் அகதிக் கோரிக்கை. 2023 மார்ச் 25 முதல் அது உத்தியோகபூர்வ வாயில்களுக்கு மட்டுமல்ல, முழுத் தரை எல்லைக்கும் பொருந்துகிறது. சில விதிவிலக்குகள் உண்டு, நெருங்கிய உறவு இங்கே இருப்பது அதில் ஒன்று. 2025 யூன் தொடக்கத்தில் அரசாங்கம் இன்னொரு சட்டமூலத்தையும் வைத்தது. நாட்டுக்குள் வந்து ஒரு வருடம் கழித்துக் கோருகிறவர்களைச் சபைக்கே அனுப்பாமல் விடுவது அதில் இருந்தது. எதற்கும் லோயரோடு கதையுங்கள். ஏஜென்சியின் வாய்ச்சொல்லை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள்.

படிக்க வருவது என்றால், வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய பணத்தை 2024 தொடக்கத்தில் 10,000 டொலரில் இருந்து 20,635 ஆக்கினார்கள்; அதன்பிறகு தொகை மாறியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடப் படிப்புக் காசு அதற்கு மேலே. அனுமதிகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்துவிட்டது.

காணி பற்றி ஒரு சொல். முழுவதையும் விற்காதீர்கள், தங்கச்சி. கடனோடும் காணி இல்லாமலும் வருகிற பிள்ளை என்ன அநியாயத்தையும் பொறுத்துக்கொள்ளும். சம்பளத்தைப் பாதி தருகிற முதலாளியையும் பொறுக்கும், 16 பாகை பேஸ்மென்டையும் பொறுக்கும். திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இங்கே முதுகு நேராக நிற்கும்.

2025 யூலை 27

ஒருவர் நறுக்கென்று கேட்டார்: இவ்வளவு கதைக்கிற நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா?

பார்த்தேன். மயிலிட்டித் துறைமுகப் பகுதியை 2017 யூலையில் விட்டார்கள். அதற்குப் பிறகு போனேன். வளவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சின்னம்மா மல்லாகம் முகாமில் வருடக்கணக்காக இருந்தவர், எங்கும் போகாதவர், அவர்தான் பற்றைக்குள் நடந்து கிணற்றைக் கண்டுபிடித்தார். கிணற்றில் இருந்து அளந்து, இது குசினி, இது சாமியறை என்று காட்டினார். சுவர் ஒன்றுகூட இல்லை.

திரும்பும்போது வீதியில் மறித்தார்கள். நான் கனடாக் கடவுச்சீட்டைக் காட்டினேன். மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள், எங்கே நிற்கிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று சிரித்தபடி கேட்டார்கள். சின்னம்மாவின் அடையாள அட்டையை வாங்கினவர் திருப்பித் தரவில்லை. மறித்த ஆளும் அதே ஆள்தான், வெயிலும் அதே வெயில்தான். சின்னம்மா ஏன், எதற்கு, யாரோடு வந்தாய் என்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். அது அவருடைய ஊர். அந்த மண்ணின் ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். எனக்குக் குசினி எது என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் என்னோடு பாதுகாப்பு வந்தது, அவரோடு வரவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போனவருக்கு மட்டும் கிடைக்கிற பாதுகாப்பு அரைப் பாதுகாப்பு. சின்னம்மா தன் வளவு வாசலில் நின்று, ஏன் மறிக்கிறாய் என்று கேட்க முடிய வேண்டும். அது வரும்வரை நாங்கள் இங்கே இருந்து சத்தம் போட்டுக்கொண்டுதான் இருப்போம்.

2025 ஓகஸ்ட் 17

கேள்வி கேட்ட தங்கச்சி நேற்று எழுதியிருக்கிறார். கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, காணியில் ஒரு பகுதியை ஈடு வைத்திருக்கிறார்கள், விற்கவில்லை, ஜனவரியில் வருகிறார். சந்தோஷம்.

சில அலுவல்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத் தாள்கள், முகாமில் தந்த பதிவு அட்டை எல்லாவற்றின் மூலத்தையும் கைப்பையில் கொண்டுவாருங்கள், பெட்டியில் போடாதீர்கள். பிரதி அம்மாவிடம் இருக்கட்டும். வாடகைக்கு எடுக்கும்போது ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், தமிழ் ஆட்கள் வீடென்றாலும் சரி. மாநகரசபை இலக்கம் 311. குளிர்ச் சப்பாத்துக் கொழும்பில் வாங்காதீர்கள், இங்கத்தைய உறைபனியைத் தாங்காது. வந்த அன்றே எடுக்கலாம், நான் கூட்டிப்போகிறேன்.